அம்பு ஒட்டிய படம்

அக்ரிலிக் பெயிண்ட் யோசிக்க நேரம் கொடுக்காது. தப்பு செய்ய மட்டும் வேண்டிய நேரம் கொடுக்கும். செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே ஓவியம் கற்கிற என் இனத்தாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் புடவையிலும் சட்டையிலும் கழுவினால் போகாத கறை இருக்கும். அதுவே சாட்சி.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருந்தவள். எட்டாவது வரை படிப்பு. டேபிளின் மேல் எப்போதும் ஒரு மாதிரி ஷூ இருக்கும். ஆர்டர் கொடுத்தவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டது. வருகிற ஒவ்வொன்றையும் அதோடு வைத்துப் பார்க்க வேண்டும். நூல் பிசிறு, நிறம் கம்மி, தையல் கோணல் என்று எது மாறியிருந்தாலும் அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். வேலையில் சுத்தம் என்று பெயர் எடுத்தேன். ஆனால் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று உறைத்தது. இத்தனை வருடத்தில் நானாக ஒரு பொருள் செய்ததில்லை. பிறர் செய்ததைத் திருப்பி அனுப்பியதுதான் என் கணக்கில் இருந்தது.

அதனால்தான் முதல் வகுப்பில் ஆசிரியர் சொன்ன ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. பாடங்கள் முடிந்ததும் சத்துவாச்சாரியில் ஒரு ஹாலில் கண்காட்சி. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கும் பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்கும் காட்பாடி ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம் என்று அந்த இடம். ஆளுக்கு ஒரு படம். எந்தப் பாடத்தையும் பார்த்துச் செய்ததாக இருக்கக் கூடாது. சொந்தமாக இருக்க வேண்டும். அந்தச் சுவரில் என் படம் ஒன்று தொங்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அது எவ்வளவு பேராசை என்று பிறகுதான் தெரிந்தது.

மின்விசிறி

உண்மையில் வகுப்பில் சேர்ந்தது நான் இல்லை, என் மகள் சுகந்தி. ஓசூரில் வேலை. சேர்ந்த வாரமே அவளுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. "நீ சும்மாதானே இருக்க, நீ பாரும்மா" என்று எல்லாவற்றையும் என் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். திரையில் என் கட்டத்துக்குக் கீழே அவள் பெயரே இருந்தது. மாற்றத் தெரியவில்லை. ஆசிரியரிடம் சொல்லலாம் என்றால் நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

ஆசிரியர் பிரபு சார் கோத்தகிரியில் இருக்கிறவர். என் மகன் வயது இருக்கும். ஒவ்வொருவராக முகம் காட்டச் சொன்னார். எனக்குக் கூச்சம். போனை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்து வணக்கம் சொன்னேன். அவர் திரைக்குக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சுகந்தி மேடம், உங்க வீட்டு ஃபேன் ரொம்ப நல்லா தெரியுது. அடுத்த வாரமாவது உங்களைப் பாக்கலாங்களா?"

மாதிரி

முதல் பாடம் இரண்டு நிறத்தை வைத்து ஒரு அரூப ஓவியம். அரூபம் என்றால் மரம், மாடு, மனுஷன் எதுவும் இருக்காது; நிறமும் கோடும்தான். சார் ஒன்றைப் போட்டுக் காட்டி அதன் போட்டோவைக் குழுவில் அனுப்பினார். "இதைப் பாத்துட்டு உங்க மனசுல வர்றதைப் போடுங்க" என்றார். மனசில் வருவது என்பது எனக்குப் புரியவில்லை. இதைப் பார்த்து என்பது நன்றாகப் புரிந்தது.

ஸ்கேல் வைத்து அளந்தேன். நீலத்தில் கொஞ்சம் மஞ்சள் சேர்த்து, போனை வெயிலில் ஒரு தடவையும் நிழலில் ஒரு தடவையும் பிடித்து நிறத்தைப் பொருத்தினேன். வெள்ளைத் திட்டு எங்கே முடிகிறதோ அங்கேயே முடித்தேன். அவர் படத்தில் வலது ஓரத்தில் ஒரு மெல்லிய கறுப்பு முடி வளைந்து ஒட்டியிருந்தது. எனக்கு அது பெரிய சோதனையாகிவிட்டது. என் பிரஷ்ஷிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, அதே வளைவு வருகிற வரை நகத்தால் வருடி, அதே இடத்தில் ஒட்டினேன்.

போட்டோ அனுப்பினேன். அவருடைய படத்தையே அவருக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்று நினைத்து என் படம் எங்கே என்று கேட்டார். இதுதான் என் படம் என்றதும் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். பிறகு பதில் வந்தது. "மேடம், அந்த முடி நான் போட்டதில்லைங்க, பிரஷ்லேர்ந்து தெரியாம விழுந்து ஒட்டிக்கிச்சு."

ஸ்வெட்டர்

"பெயிண்ட் ஈரமா இருக்கும்போதே ரெண்டு நிறத்தையும் மெதுவா கலந்து விடுங்க, அவசரமே இல்லை" என்பார் சார். அவருக்கு அவசரம் இல்லைதான். கோத்தகிரிக் குளிரில் பெயிண்ட் அவர் டீ குடித்துவிட்டு வருகிற வரைக்கும் காத்திருக்கும். ஆம்பூர் சித்திரை வெயிலில் ட்யூபைப் பிதுக்கிவிட்டு பிரஷ்ஷை எடுக்கத் திரும்பினால் தட்டில் இருப்பது தகடாகிவிடும். நான் மெதுவாகக் கலக்கப் போன இடத்தில் எல்லாம் பிரஷ் கரகரவென்று இழுத்தது. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

காற்று பட்டால் சீக்கிரம் காயும் என்று தெரிந்துகொண்டு ஃபேனை நிறுத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். என் வீட்டுக்காரர் டேனரியில், தோலைப் பெரிய டிரம்மில் சுழற்றிப் பதனிடும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோல் காய்வதைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. ஆனால் மத்தியானத்தில் அவர் காய்வது அவருக்குப் பிடிக்காது. பனியன் நனைந்து ஒட்ட, போன் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த ஆளு ஸ்வெட்டர் போட்டுக்கினு சொல்றாரு, அதைக் கேட்டுட்டு நீ இங்க ஃபேனை நிறுத்துறியே, நாயமா இது?"

கருத்து

வாரா வாரம் எல்லோரும் குழுவில் படம் போடுவார்கள். ஒருவர் படத்தைப் பற்றி மற்றவர் கருத்து எழுத வேண்டும். பூவும் இதயமும் கைதட்டலும்தான் வரும். எனக்கு அது போதாது என்று பட்டது. கருத்து என்று கேட்டால் கருத்து எழுத வேண்டாமா? சேலத்தில் பேங்கில் வேலை பார்க்கிற மீனாட்சி என்கிற பெண் ஒரு பெரிய சிவப்புப் படம் போட்டிருந்தாள். நான் உட்கார்ந்து, திருத்தச் சொல்லித் திருப்பும் ஷூவுக்கு வேலையில் குறிப்பு எழுதின மாதிரியே எழுதினேன். "இடது மேல் மூலை, நிறம் கம்மி. நடுவில் இரண்டு இடத்தில் கேன்வாஸ் தெரிகிறது. வலது ஓரம் கசிவு. கீழ்ப் பகுதி, பெயிண்ட் ஜாஸ்தி. ரீவொர்க்."

ஒரு இதயம்கூட வரவில்லை. தனியாக மன்னிப்புக் கேட்கலாம் என்று தட்டச்சு செய்து அழித்து, செய்து அழித்துக் கொண்டிருந்தபோதே மீனாட்சியிடமிருந்து பதில் வந்தது. "சுகந்தி மேடம், எல்லாம் சரிதான், நான் திருத்துறேன். ஆனா பாஸா ஃபெயிலா, அதை மட்டும் சொல்லிடுங்க, ராத்திரி தூங்கணும்."

அன்றிலிருந்து அவள் எனக்குத் தோழி. முகம் பார்க்காத தோழி; அவள் பார்த்ததும் என் ஃபேனைத்தான்.

எந்தப் பாடம்

பாடங்கள் முடிந்தன. கண்காட்சிக்குப் படம் அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியது. இனி மாதிரி கிடையாது. வெள்ளை கேன்வாஸை மேஜையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தால், வேலைக்குப் போகிற காலத்தில் மாதிரி ஷூ வராமல் லைன் நின்று போன நாள் மாதிரி இருந்தது. எதோடு ஒப்பிடுவது? சரியா தப்பா என்று யார் சொல்வது?

சும்மா இருக்கவில்லை. போட்டேன். ஒன்றைப் போட்டு முடித்துப் பார்த்தால் அது நாலாம் பாடம். இன்னொன்று ஏழாம் பாடம். ஒன்றில் மூன்றாம் பாடமும் எட்டாம் பாடமும் பாதிப் பாதி. என் கை தெரியாமல்கூடத் தப்பு செய்ய மறுத்தது. கடைசியாக மிஞ்சியது ஒரே ஒரு பெரிய கேன்வாஸ். அதில் ஆரஞ்சும் பச்சையும் கருநீலமுமாகப் போட்டதை நாளெல்லாம் பார்த்தேன். அதுவும் ஆறாம் பாடத்தின் அக்கா தங்கை போலத்தான் இருந்தது.

அப்போதுதான் ஷாகிதா வந்தாள். பக்கத்துத் தெரு. அதே கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தவள். அவள் தைத்த ஷூக்களை நான் திருப்பி அனுப்பியதில் எங்களுக்குள் சண்டை வந்து, சண்டையிலிருந்து சிநேகம் வந்தது.

"இன்னாக்கா, மூஞ்சி தொங்கிப் போச்சு?" என்றாள்.

"ஒண்ணும் வரல ஷாகிதா. எதைப் போட்டாலும் ஏதாவது ஒரு பாடமா போய்டுது. இதை அனுப்பினா எடுத்துக்க மாட்டாரு."

"இதுல எங்க தப்புன்னாவது தெரியுதா?"

"அது தெரியாமலா? நெறைய இருக்கு."

ஷாகிதா நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி, சாவகாசமாக உட்கார்ந்தாள். "அந்த அம்பு ஸ்டிக்கர் மிச்சம் இருந்தா எடு. நான் தைச்சதுல எத்தினி ஒட்டியிருப்ப! இன்னிக்கி உன்னுதுல நீயே ஒட்டு. நான் கண் குளிரப் பாத்துட்டுத்தான் வூட்டுக்குப் போவேன்."

அம்புகள்

தையல் பெட்டியில் ஒரு தாள் நிறைய ஸ்டிக்கர் இருந்தது. ஒட்டினேன். இங்கே திட்டு, இங்கே கோடு நடுங்கியிருக்கிறது, இங்கே ஆறாம் பாடம். அம்பின் முனை குறையைத் தொட வேண்டும், குறையின் மேல் ஏறக் கூடாது. அது எங்கள் வேலையில் முதல் விதி. அதை விடாமல் ஒட்டினேன். இருபத்து மூன்று. ஷாகிதா ஒவ்வொன்றுக்கும் "ஆங்" என்று எண்ணிவிட்டு, டீயும் குடித்துவிட்டு, பரம திருப்தியோடு போனாள்.

அவள் போன பிறகு படத்தைப் பார்த்தேன். இருபத்து மூன்று இடத்தைத் திருத்துவதற்குப் பதில் திருப்பி அனுப்புவதே மேல். ஆனால் எங்கே அனுப்புவது? செய்ததும் நான், திருப்பி அனுப்புகிறதும் நான். எனக்குக் கோபம் வந்தது. ட்யூபில் மிச்சமிருந்த எல்லா நிறத்தையும் பிதுக்கி வெள்ளையோடு கலந்தேன். வெளிறிய நீலமும் சாம்பலுமாக ஒரு நிறம் வந்தது. அதை எடுத்து மேலிருந்து கீழ் வரை, அளவும் இல்லாமல் ஓரமும் பார்க்காமல், அழித்தேன். காய்ந்ததும் இன்னொரு தடவை அழித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் பார்க்காமல் பிரஷ்ஷை ஓட்டினேன். ஸ்டிக்கரை எடுக்கவில்லை என்பதே ஞாபகம் இல்லை.

காலையில் பார்த்தால் படம் முழுக்கச் சின்னச் சின்ன மேடு. ஐயோ என்று நகத்தால் ஒன்றைக் கிளப்பினேன். தோலில் தழும்பு விடாமல் உரிவதற்கென்றே செய்த ஸ்டிக்கர்; சுத்தமாக உரிந்து வந்தது. அது இருந்த இடத்தில் ஒரு அம்பு. பளீரென்று ஆரஞ்சு. அடுத்தது பச்சை. அடுத்ததில் பாதி பச்சை, பாதி கருநீலம். எல்லாவற்றையும் உரித்தேன். சாம்பல் நீலத்துக்குள் இருபத்து மூன்று சின்ன ஜன்னல்கள், ஒவ்வொன்றும் ஒரு திசை பார்த்து. முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம் வரை மனசுக்குள் புரட்டினேன். எதிலும் இது இல்லை.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நிறத்தைப் பார்த்தார். "இது நம்ம டிரம்லேர்ந்து மொதல்ல வர்ற தோல் கலராச்சே" என்றார். பிறகு விஷயம் கேள்விப்பட்டு வந்த ஷாகிதா குனிந்து, ஒவ்வொரு அம்பின் முனையிலும் விரலை வைத்துத் தடவினாள். எந்தக் குறையும் அங்கே இல்லை; நான்தான் எல்லாவற்றையும் அழித்துவிட்டேனே. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இன்னாக்கா அநியாயம், என்னுதுல ஒட்டினா தப்பு இருந்துச்சு, உன்னுதுல ஒட்டினா தப்பு ஓடிப்போச்சே!"

பெயர் அட்டை

போட்டோ அனுப்பினேன். சார் அரை மணியில் போன் செய்தார். இது எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார், சொன்னேன். அவர் சிரித்தது மலையில் எதிரொலித்திருக்கும். படத்துக்கு என்ன பெயர் என்றார். யோசிக்காமல் "ரீவொர்க்" என்றேன். "சரி, சுகந்தி, ஆம்பூர், அப்படின்னு அட்டை அடிச்சிடறேன்" என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இப்போது சொன்னால், சேராத ஆள் என்று படத்தை எடுத்துவிடுவாரோ? சொல்லாமல் விட்டால் படம் சுவரில் இருக்கும், ஆனால் நான் அங்கே இருக்க மாட்டேன். செக்கிங் டேபிளில் எந்த ஷூவிலும் என் பெயர் இருந்ததில்லை, அது எனக்குக் குறையாகவும் பட்டதில்லை. இதில் பட்டது.

"சார், நான் சுகந்தி இல்லைங்க. அவ என் பொண்ணு. அவளால வர முடியல. என் பேரு வசந்தா." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இத்தனை மாசமா சுகந்தி சுகந்தின்னு கூப்பிட்டிருக்கேன், ஒரு தடவை சொல்லியிருக்கலாமேம்மா! சரி, இனிஷியல் என்ன? அட்டை இன்னும் பிரிண்டுக்குப் போகல."

பஸ்

ஆம்பூரிலிருந்து சத்துவாச்சாரிக்குப் படத்தைப் பழைய போர்வையில் சுற்றி பஸ்ஸில் எடுத்துப் போனோம். வீட்டுக்காரர் மடியில் நிற்க வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்தவர் நின்றார்.

"இன்னா சார், கண்ணாடியா? உடைஞ்சா நான் பொறுப்பு இல்ல."

"கண்ணாடி இல்லப்பா, படம்."

உடனே அவர் முகம் மாறிவிட்டது. செருப்புக் காலை ஒதுக்கி வைத்தார். முன் சீட்டில் இருந்த ஆளை எழுப்பி, படத்துக்கும் எங்களுக்கும் இடம் கொடுத்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, மெதுவாக, பக்தியோடு கேட்டார்: "எந்த சாமிம்மா?"

சத்துவாச்சாரி

ஹாலில் படங்கள் வரிசையாகத் தொங்கின. என்னுடையது கதவுக்கு எதிர்ச் சுவரில். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். அங்கேயிருந்து பார்த்தால் படம் தெரியும், நான் தெரிய மாட்டேன். வருகிறவர்கள் நின்றார்கள், போனார்கள். ஒரு ஷூ கம்பெனிக்காரர் அம்புகளைப் பார்த்துவிட்டு, ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

ஒரு பெண் மட்டும் நகரவில்லை. இடது மேல் மூலையில் ஆரம்பித்தாள். வரிசை வரிசையாக, ஒவ்வொரு அம்பாக, வலது கீழ் மூலை வரை பார்த்தாள். நான் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். பிறகு அட்டையைப் படித்தாள். சாரிடம் ஏதோ கேட்டாள். அவர் தூணைக் காட்டிவிட்டார்.

"நீங்கதானா அந்த ஃபேன்?" என்று வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். சேலம் மீனாட்சி. நான் நினைத்ததைவிட உயரம். "வசந்தாம்மா, நான் ஒரு கருத்தும் எழுதப் போறதில்ல. நீங்களே சொல்லுங்க. பாஸா ஃபெயிலா?"

நான் படத்தைப் பார்த்தேன். பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. மாதிரி இல்லை, பாடம் இல்லை. இந்தக் கேள்விக்கு என் வேலைக் காலம் முழுக்க அரை நொடியில் பதில் சொன்னவள் நான். இப்போது நாலு மூலையையும் இன்னொரு தடவை பார்க்க வேண்டியிருந்தது.

"பாஸ்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மீனாட்சி திரும்பி ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சாரைக் கூப்பிட்டாள். "சார், எழுதி வச்சுக்குங்க, இவங்க வாயால ஒண்ணு பாஸ் ஆயிடுச்சு!"

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆணியில் மாட்டும்போதுதான் வலது ஓரத்தில் ஒரு பிரஷ் முடி வளைந்து ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். இது யாரைப் பார்த்தும் ஒட்டியதில்லை என்பதால் அம்பு போடாமல் விட்டுவிட்டேன்.